கிறிஸ்மஸ் கள்ளி: மலையகத்து வீட்டில் வளர்த்துப் பூக்க வைக்கும் முறை

மலையகத்தில் கிறிஸ்மஸ் கள்ளி தண்ணீர் இல்லாமல் சாவது அரிது. வேரில் ஈரம் தங்கி, அழுகித்தான் பெரும்பாலும் போகிறது. "கள்ளிதானே, கிடக்கட்டும்" என்று முற்றத்து மழையில் விட்டவரின் செடியும், பாசத்தோடு தினமும் ஒரு கோப்பை ஊற்றியவரின் செடியும் கடைசியில் ஒரே மாதிரி மூட்டு மூட்டாகக் கழன்று விழும்.

இது பாலைவனக் கள்ளி அல்ல. தென்கிழக்கு பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில் மரக்கவட்டிலும் பாறை இடுக்கிலும் ஒட்டி வளர்வது. மழையும் மூடுபனியும் அதற்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே வேர் பிடித்திருப்பது மரப்பட்டையையும் உக்கிய இலையையும். மழை விட்டதும் வேரில் காற்றுப் படும். நம் சாடிக்குள் அது நடப்பதில்லை. அதனால்தான் இங்கே கூரையும் கலவையும் முதலில் வருகின்றன. தண்ணீரும் பசளையும் பிறகு.

பார்க்க இலை போல இருப்பது உண்மையில் தண்டு. ஒவ்வொரு தட்டைத் துண்டையும் கீழே "மடல்" என்று குறிப்பிடுகிறோம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

4 அல்லது 5 அங்குலச் சாடி, தும்புத் துண்டுகள், சலித்த கூட்டுப்பசளை, பருமனான ஆற்று மணல், பட்டாணி அளவுக்கு உடைத்த விறகுக்கரி, சாடியைத் தூக்கி வைக்க இரண்டு செங்கல், ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெட்டி ஒக்டோபரில்தான் தேவைப்படும். ஆனால் அன்றைக்குத் தேடினால் கிடைக்காது, இப்போதே கடையில் சொல்லி வையுங்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை?

மடலின் விளிம்பைப் பாருங்கள். கூரான பற்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது நவம்பரை ஒட்டிப் பூக்கும் வகை. நாற்றுமேடைகளில் "கிறிஸ்மஸ்" என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் இதுதான். விளிம்பு கூரில்லாமல் வளைவு வளைவாக இருந்தால் பழைய கிறிஸ்மஸ் வகை. கொஞ்சம் பிந்திப் பூக்கும், கிளைகள் நன்றாகத் தொங்கும். மடல் நுனியில் மெல்லிய முடிகள் இருந்து, பூ நட்சத்திரம் போல நேராக விரிந்தால் அது ஈஸ்டர் கள்ளி.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஈஸ்டர் கள்ளியை டிசம்பரில் பூக்க வைக்கப் பாடுபடுகிறவர்கள் உண்டு. அது பூப்பது மார்ச், ஏப்ரலில். கீழே வரும் நாட்கணக்கு முதல் இரண்டு வகைக்கு மட்டுமே.

2. இடம்: கூரைக்குக் கீழே, அடுப்புக்கு அப்பால்

கிழக்குப் பார்த்த இஸ்தோப்பு சிறந்த இடம். காலை வெயில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விழலாம். அதன் பிறகு வெளிச்சம் மட்டும் போதும். மடல் செந்நீலமாக மாறி மெலிந்தால் வெயில் கூடிவிட்டது என்று பொருள். கரும்பச்சையாகி, மெல்லியதாக நீண்டு, பூவே காட்டாவிட்டால் இருட்டு கூடிவிட்டது. நுவரெலியா பக்கம் குளிராலும் மடல் சிவக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்ததும் இடம் மாற்ற ஓடாதீர்கள். உண்மையில் வெயில் எத்தனை மணிக்கு அங்கே விழுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள்.

தகரக்கூரையின் ஓரத்தில் மழைநீர் கோடு போட்டது போல ஒழுகும் இடம் இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து ஒன்றரை அடியாவது உள்ளே சாடி இருக்க வேண்டும். மழையில் நனைவதைவிட மோசமானது இந்த ஒழுக்கு: மழை விட்ட பிறகும் மூடுபனி தகரத்தில் நீராகச் சேர்ந்து, ஒரே இடத்தில் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்.

விறகு அடுப்புப் புகை வரும் வழியிலும், பழுக்க வைத்த வாழைக்குலைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். இரண்டிலிருந்தும் எத்திலீன் வாயு வருகிறது. அது கொஞ்சம் பட்டாலே மொட்டு உதிரும். "பூச்சியும் இல்லை, தண்ணீரும் சரி, ஆனாலும் மொட்டுக் கொட்டுகிறது" என்றால் முதலில் குசினிக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள்.

3. கலவை: தேயிலை மண் வேண்டாம்

இரண்டு பங்கு தும்புத் துண்டு, ஒரு பங்கு கூட்டுப்பசளை, ஒரு பங்கு கரி, ஒரு பங்கு பருமணல். தும்புத் துண்டு கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டையை விரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம். எதுவானாலும் மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். தும்பில் உப்பு இருக்கும்; ஊறிய தண்ணீர் தேநீர் நிறத்தில் வருவது குறையும் வரை மாற்றினால் உப்பும் போய்விடும்.

மலையிலிருந்து வெட்டி எடுத்த மண்ணைச் சாடியில் போட்டால் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீர் ஊற்றும்போதும் இறுகிக்கொண்டே போய், வேரைச் சுற்றிச் சேறாகிவிடும். தும்புச்சோறு மட்டும் நிரப்புவதும் தவறு. அது தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்து வைக்கும். நம் குளிரில் பத்து நாளானாலும் காயாது.

மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கப் போடும் டொலமைட் தூள் தோட்டத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். இதில் அள்ளிப் போடாதீர்கள். இந்தச் செடிக்குக் கொஞ்சம் அமிலத்தன்மையான கலவைதான் பிடிக்கும்.

நடுமுன் ஒரு சோதனை: வெறும் கலவையைச் சாடியில் நிரப்பி ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி, சில நொடியில் அடித்துளை வழியே ஒழுக வேண்டும். மேலே நின்றால் கரியையும் மணலையும் இன்னும் ஒரு பிடி கூட்டுங்கள்.

4. சாடி

சிறியதாகவே வைத்திருங்கள். பெரிய சாடியில் வேர் எட்டாத கலவை ஈரமாகவே கிடந்து அழுகலை அழைக்கும். வேர் நெருக்கிய செடிதான் நன்றாகப் பூக்கும்.

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா போன்ற ஈரப்பக்கங்களுக்கு மண்சாடி நல்லது. பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் போகும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை காற்று உலர்த்தி எடுத்துவிடும். அங்கே பிளாஸ்டிக் சாடி போதும். எந்தச் சாடியானாலும் அடியில் மூன்று நான்கு துளை இருக்க வேண்டும், செங்கல் மேல் நிற்க வேண்டும். சிமெந்துத் தரையில் நேராக வைத்தால் துளை அடைபடும். நத்தைக்கும் நல்ல மறைவிடம்.

5. துண்டு நடுதல்

நல்ல காலம் பூத்து முடிந்த பின், பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. இரண்டு அல்லது மூன்று மடல் சேர்ந்த துண்டை எடுங்கள். கத்தி வேண்டாம்: மூட்டுக்கு மேலும் கீழும் விரலால் பிடித்து ஒரு திருகு திருகினால் சுத்தமாகக் கழன்று வரும். வெட்டினால் மடலின் நடுவே காயம் பெரிதாகும்.

எடுத்த துண்டை உடனே நடாதீர்கள். நிழலில் ஒரு தாளின் மேல் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். மூடுபனி மூடிய வாரமானால் ஐந்து நாள். காயம் உலர்ந்து தோல் கட்ட வேண்டும். பச்சைக் காயத்தோடு ஈரக் கலவைக்குள் போனால் அந்த வழியே பூஞ்சணம் ஏறும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பிறகு அடிமடலின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் புதையும்படி ஊன்றுங்கள். 4 அங்குலச் சாடிக்கு மூன்று துண்டு, 5 அங்குலத்துக்கு ஐந்து. ஒற்றைத் துண்டு நட்டால் சாடி நிறைய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊன்றிய பிறகு கலவை நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். கண்டியிலும் பதுளையிலும் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மேல்மலையில் ஆறு வாரம்கூட ஆகலாம். இழுத்துப் பார்க்க வேண்டாம். நுனியில் புது மடல் எட்டிப் பார்த்தால் வேர் வந்துவிட்டது.

6. தண்ணீர்: கிழமைக்கணக்கு வைக்காதீர்கள்

"கிழமைக்கு எத்தனை தடவை?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதற்கு ஒரே பதில் கிடையாது. ஜூலையில் தலவாக்கலையில் மழை விடாது. அதே ஜூலையில் பண்டாரவளையில் புழுதி பறக்கும். விரலை ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரம் ஒட்டினால் நாளைக்குப் பார்க்கலாம். சாடியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. நனைத்த அன்று எவ்வளவு பாரம், காய்ந்த அன்று எவ்வளவு பாரம் என்று கைக்குப் பழகிவிட்டால் விரல்கூடத் தேவையில்லை.

ஊற்றும்போது அடியால் ஒழுகும் வரை ஊற்றுங்கள். தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். காலையில் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் குளிர் இரவு முழுக்க வேர் ஈரத்திலேயே நிற்கும்.

மடல் சுருங்கி, தொட்டால் துணி போல மெத்தென்று இருக்கும் செடியைப் பார்த்ததும் கை தானாகத் தண்ணீர்ப் பேணியைத் தேடும். நில்லுங்கள். முதலில் கலவையைத் தொடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம், இரண்டு நாளில் மடல் நிமிரும். கலவை ஈரமாக இருந்தும் மடல் சுருங்கினால் உறிஞ்ச வேர் இல்லை என்று அர்த்தம். இன்னும் ஊற்றுவது அதைக் கொல்வதுதான்.

அப்படியானால் செடியைச் சாடியிலிருந்து கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில், இழுத்தால் தாங்கும். அழுகியது கபிலமாகி, விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போல வழுக்கி வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் வரும். பாதிக்கு மேல் அப்படியிருந்தால் வேரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மேலே உள்ள உறுதியான மடல்களைத் திருகி எடுத்து 5ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய கலவையைப் புதுச்சாடிக்குப் போட வேண்டாம்.

7. பசளை

புது மடல் வரத் தொடங்கியதிலிருந்து ஓகஸ்ட் முடிவு வரை, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. நீரில் கரையும் 20-20-20 போன்ற சமநிலைப் பசளையை லீற்றருக்கு 1 கிராம் வீதம் கரையுங்கள். 5 லீற்றர் வாளிக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி. காய்ந்த கலவையில் ஊற்றினால் வேர் கருகும், ஆகவே முதலில் கொஞ்சம் வெறுந்தண்ணீர் விடுங்கள்.

இந்தச் செடிக்கு மக்னீசியம் கூடத் தேவை. மாதம் ஒரு தடவை, 4 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்புக் கரைத்து, பசளை போடாத கிழமையில் ஊற்றுங்கள்.

தேயிலைக்குப் போடும் யூரியாக் கலவையில் ஒரு பிடி எடுத்துப் போட்டால் கொழுகொழுவென்று மடல் வரும், பூ வராது. குடித்து மிஞ்சிய பால்தேநீரை ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். சீனிக்கு எறும்பு வரும். எறும்பு வெண்மூட்டுப்பூச்சியைக் கூட்டி வரும். தேயிலைச் சக்கையோ மேலே பாய் போலப் படிந்து காற்றை அடைக்கும்.

8. செப்டெம்பர் கடைசி: நுனி கிள்ளுதல்

பசளையை ஏற்கனவே நிறுத்தியிருப்பீர்கள். இப்போது ஒவ்வொரு கிளை நுனியையும் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவான, இளம்பச்சையான பிஞ்சு மடல் இருந்தால் திருகி எறியுங்கள். பூமொட்டு முற்றிய மடலின் நுனியில்தான் வரும்; பிஞ்சு மடல் பூக்காது, கீழே இருப்பதையும் பூக்க விடாது.

மனம் வராதுதான். ஆனால் "பாதிக் கிளை பூத்தது, பாதி வெறுமையாக நிற்கிறது" என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

9. ஒக்டோபர் முதல் வாரம்: இருட்டும் குளிரும்

மொட்டுக் கட்டுவதைத் தீர்மானிப்பது இரவின் நீளமும் இரவின் குளிரும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரவு 10 முதல் 13 பாகை செல்சியஸுக்கு இறங்கினால் இருட்டின் நீளம் பெரிதாகத் தேவையில்லை, செடி தானாகவே மொட்டு வைக்கும். நுவரெலியாவில் அந்தக் குளிர் இருக்கிறது. 15 முதல் 20 பாகை வரை, அதாவது ஹட்டன், பண்டாரவளை தொடங்கிக் கண்டி, பதுளை வரை, நீண்ட இருட்டு வேண்டும். இரவு 24 பாகைக்கு மேல் போனால் மொட்டு வருவது கடினம். கொழும்பு உறவினருக்குப் பூவோடு கொடுத்த செடி அடுத்த வருடம் அங்கே பூக்காததற்கு இதுதான் விளக்கம்.

இலங்கையில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் நீளத்தில் ஏறக்குறைய 50 நிமிடம்தான் வித்தியாசம். டிசம்பரிலும் சூரியன் உதித்து மறையப் பதினொன்றே முக்கால் மணித்தியாலம் ஆகும். இருட்டின் நீளம் இங்கே மயிரிழையில்தான் போதுமானதாகிறது. இஸ்தோப்பில் இரவு பத்து மணி வரை ஒரு மின்குமிழ் எரிந்தால் அந்த மயிரிழையும் போய்விடும்.

ஆகவே மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை 7 மணிக்கு எடுங்கள். மொத்தம் 13 மணித்தியாலம், ஆறு கிழமை. பெட்டியின் மூட்டுகளில் வெளிச்சம் கசிந்தால் பழைய கறுப்புத் துணி ஒன்றை மேலே போடுங்கள். விளக்கே போடாத ஓர் அறையில் ஜன்னலோரம் இடம் இருந்தால் பெட்டியே தேவையில்லை. காலையில் எடுக்க மறந்து பகல் முழுக்க மூடி வைப்பதுதான் கெடுதல். வெளிச்சம் இல்லாமல் செடி உணவு செய்யாது.

இந்த நாட்களில் தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். ஒக்டோபர், நவம்பரில் மலையின் இரு பக்கமும் மழை. கூரைக்குக் கீழே இருந்தாலும் கலவை மெதுவாகத்தான் காயும்.

மூன்று நான்கு கிழமையில் நுனியில் குண்டூசித் தலை போல ஒன்று தெரியும். அது தட்டையாகப் பச்சையாக இருந்தால் புது மடல். உருண்டு, நுனி கூர்ந்து, சிவப்போ வெளிர்நிறமோ காட்டினால் மொட்டு. மொட்டு என்று உறுதியான பின்னும் ஆறு கிழமையை முடித்துவிட்டே பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்.

10. மொட்டு வந்த பிறகு கை வைக்காதீர்கள்

இடத்தை மாற்ற வேண்டாம், சாடியைத் திருப்பவும் வேண்டாம். மொட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும். சாடியைத் திருப்பினால் மறுபடி வளையப் பார்த்து உதிரும். குளிர் இஸ்தோப்பிலிருந்து அடுப்பு எரியும் அறைக்கு மாற்றினாலும் உதிரும். மொட்டோடு உள்ள செடியை வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தால் சிலது கொட்டத்தான் செய்யும், கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

தண்ணீரைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மொட்டுக் காலத்தில் ஒரு தடவை முழுதாகக் காய்ந்தாலே போதும், பாதி போய்விடும். ஒரே மடலில் மூன்று நான்கு மொட்டு இருந்து ஒன்றிரண்டு விழுந்தால் கவலை வேண்டாம். செடி தாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொள்கிறது.

வெள்ளை அல்லது மஞ்சள் என்று வாங்கியது ரோஸ் நிறம் கலந்து பூத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மொட்டு வளரும்போது குளிர் 13 பாகையை ஒட்டிப் போனால் இந்த நிறங்களில் ரோஸ் ஏறும். அடுத்த வருடம் மொட்டு வந்தபின் குளிர் குறைந்த அறையில் வைத்தால் வெள்ளையாகவே பூக்கும்.

மூடுபனி நாளில் பூவிதழில் கபிலப் புள்ளி விழுந்து சாம்பல் பூஞ்சணம் படர்ந்தால் அந்தப் பூவைக் கிள்ளி அப்பால் போடுங்கள். சாடியின் மேல் உதிர்ந்து கிடப்பதையும் பொறுக்குங்கள்.

11. பூத்து முடிந்ததும்

ஒரு மாதம் ஓய்வு. தண்ணீரைக் குறைத்து, பசளை இல்லாமல் விடுங்கள். பிறகு ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு மடலைத் திருகி எடுங்கள். எடுத்த இடத்தில் பெரும்பாலும் இரண்டு கிளை வரும். அடுத்த வருடம் நுனி கூட, பூவும் கூடும். திருகியது புதுச்சாடிக்கு ஆகும்.

சாடி மாற்றுவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு அங்குலம் பெரிய சாடிக்கு. பூ இருக்கும்போதோ மொட்டு இருக்கும்போதோ மாற்ற வேண்டாம்.

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில் உறைபனி விழும். அன்று மாலையே செடியை உள்ளே எடுங்கள். உறைந்த மடல் காலையில் கண்ணாடி போலத் தெளிந்து, நண்பகலுக்குள் கூழாகிவிடும். அதற்கு மருந்து இல்லை.

12. நத்தை, வெண்மூட்டுப்பூச்சி, வீண் பயங்கள்

மலையகத்தில் இந்தச் செடிக்கு முதல் எதிரி ஓடில்லாத நத்தை. ஒரே இரவில் மொட்டு முழுவதையும் வழித்துவிடும். மடலில் பளபளக்கும் சளிக்கோடு மட்டும் மிஞ்சும். இரவு எட்டு மணிக்கு மேல் டோர்ச் லைட்டோடு போய்ச் சாடியின் அடியையும் செங்கல் இடுக்கையும் பாருங்கள், பொறுக்கிவிடலாம். சாம்பல் தூவுவது நம் ஈரத்தில் ஒரு இரவுகூட நிற்காது.

மூட்டுகளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தால் வெண்மூட்டுப்பூச்சி. காதுப்பஞ்சுக் குச்சியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். ஐந்தாறு நாள் கழித்து மறுபடியும்; முட்டை பொரித்து வருவது அப்போதுதான் கண்ணில் படும். எறும்பு வரிசையையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும்.

பழைய செடியின் அடிமடல்கள் மரப்பட்டை போலக் கபிலமாகித் தடித்தால் அது நோயல்ல, முதிர்ச்சி, சுரண்டாதீர்கள். அழுத்தினால் கட்டியாக இருக்கும். அழுகலானால் விரல் உள்ளே அமுங்கும். மூட்டுகளில் மெல்லிய ரோஸ் நிற வேர்கள் காற்றில் தொங்குவதும் மூடுபனிக் காலத்தில் சாதாரணம். வெட்ட வேண்டிய தேவையில்லை. அந்த மடலையே எடுத்து நட்டால் மற்றத் துண்டுகளைவிடச் சீக்கிரம் பிடிக்கும்.